ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் காரீயம் இருக்கிறதா? எந்தச் சோதனையை நம்பலாம்

எங்கள் வீட்டில் இரண்டு ஈயச் சொம்புகள் இருக்கின்றன. ஒன்று, என் மாமியார் கல்யாணமான புதிதில் ரஜூலா கப்பலேறி சிங்கப்பூருக்கு வந்தபோது டிரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தது. இன்னொன்று, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தபோது நானே பேரம் பேசி வாங்கியது. மகளுக்கு இப்போது ஆறாவது மாதம். எண்ணெய் ஆகவில்லை, மசாலா ஆகவில்லை, ரசம் சோறு ஒன்றுதான் வயிற்றில் தங்குகிறது. போன மாதம் ஒரு சாயங்காலம் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, ஈயம்னா லெட்தானே? இதுல வெச்ச ரசத்த நான் குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

"லெட்டுங்கிறது காரீயம்மா. இது வெள்ளீயம், டின். ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. வெள்ளீயம்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் சொன்னார், மாமியார் சொன்னார், அவ்வளவுதான். காரீயம் வெள்ளீயத்தைவிடப் பல மடங்கு மலிவு, இரண்டும் உருக்கினால் நன்றாகக் கலந்துவிடும், கலந்த பிறகு கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மகள் கேட்டுவிட்டாள்.

காரீயம் உடம்புக்குள் போனால் கால்சியத்தின் வேஷம் போட்டுக்கொண்டு எலும்பில் போய் உட்கார்ந்துவிடும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கி, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் தெரியவில்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. "எங்கம்மா இதுலதானே வெச்சாங்க, நாங்க நல்லாத்தானே இருக்கோம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் காரீயம் காய்ச்சல், வாந்தி என்று எதையும் காட்டாமலே குழந்தையின் மூளை வளர்ச்சியில் கை வைக்கும், அதனால் "நல்லாத்தானே இருக்கோம்" என்பதை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, எப்படிச் சோதிப்பது? இதற்காக நான் பார்த்த, வாங்கிய, கேட்டு விசாரித்த எல்லாவற்றையும் எழுதுகிறேன், ஏனென்றால் தேக்கா பக்கம் என் தோழிகள் பலர் வீட்டில் இதே சொம்பு இருக்கிறது.

பெரியவர்கள் சொல்லும் வழிகள் முதலில். வெள்ளீயத்தை வளைத்தால் கறுக் கறுக்கென்று சத்தம் கேட்கும், காரீயத்தில் கேட்காது. காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி கோடு விழும். இரண்டும் உண்மை, ஆனால் சுத்தமான உலோகத்துக்கு. கலவையில் நம்ப முடியாது, சொம்பை வளைத்துப் பார்க்கவும் முடியாது. எடை பார்க்கலாமே என்று தண்ணீரில் முக்கி அடர்த்தி கணக்குப் போட்டேன். வெள்ளீயத்தின் அடர்த்தி சுமார் 7.3, காரீயம் 11.3. கேட்கப் பெரிய வித்தியாசம்தான். ஆனால் சொம்பில் பத்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தாலும் அடர்த்தி 7.56-தான் வரும், சமையலறைத் தராசில் அந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம். பாதிக்குப் பாதி ஏமாற்றியிருந்தால் மட்டும் இது காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் என் ஞாபகம் போனது பொட்டாசியம் அயோடைடுக்கு. ஓ நிலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் செய்யும் சோதனை: காரீய உப்புக் கரைசலில் இரண்டு சொட்டு விட்டால் பளீரென்று மஞ்சள். அதைச் சூடாக்கிக் கரைத்து மெதுவாக ஆறவிட்டால் தங்கத்தூள் மழை பெய்கிற மாதிரி படிகம் இறங்கும், எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் அந்த மஞ்சள் பொருளே ஒரு லிட்டர் தண்ணீரில் கிட்டத்தட்ட முக்கால் கிராம் கரையக்கூடியது. அதாவது அதைவிட மிகவும் குறைவாக இருந்தால் எல்லாம் கரைந்தே நிற்கும், நிறம் தெரியாது. குடிநீரில் காரீயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வகுப்பறைச் சோதனை அதன் பக்கத்தில்கூட வராது.

இந்த அளவு வித்தியாசம்தான் நிறம் மாறும் சோதனை எதை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது. சாயம் வைத்த சோதனைகளில் எத்தனை விதம் இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: சாய மூலக்கூறு ஒன்று உலோக அயனியை இடுக்கி மாதிரி கவ்விப் பிடிக்கும், பிடித்ததும் அதன் எலக்ட்ரான்களின் இருப்பு மாறி, முன்பு விழுங்காத ஒளியை விழுங்க ஆரம்பிக்கும், நம் கண்ணுக்கு நிறம் மாறியதாகத் தெரியும். அந்த இடுக்கி காரீயத்தை மட்டும் பிடிக்கிறதா, கண்ணில் படுகிற அளவு நிறம் வர எவ்வளவு காரீயம் வேண்டும், இந்த இரண்டு கேள்விக்கும் பெட்டியில் பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இணையத்தில் மிக மலிவாகக் கிடைப்பது தண்ணீரில் முக்கும் பட்டை. ஒரே பட்டையில் பதினாறு சோதனை, குளோரின், இரும்பு, செம்பு, காரீயம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். என் கையில் கிடைத்ததில் காரீயத்துக்கான வண்ண அட்டையில் சுழிக்கு அடுத்த படி லிட்டருக்கு 20 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், குடிநீர் வரம்பைப் போல 2000 மடங்கு. அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் பட்டை "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும். ரசத்தில் முக்கினால் மஞ்சள்தூள், மிளகு, தக்காளி நிறமெல்லாம் பட்டையில் ஏறிவிடும், அது வேறு. குழாய்த் தண்ணீரைப் பார்க்கவும் இது வேண்டாம். பொதுப் பயனீட்டுக் கழகம் அனுப்பும் தண்ணீரை அவர்களே இதைவிடப் பல ஆயிரம் மடங்கு நுணுக்கமாகச் சோதிக்கிறார்கள்.

அடுத்தது பஞ்சுக்குச்சி வகை. ரோடிசோனேட் என்ற மஞ்சள் ஆரஞ்சு சாயம், காரீயம் பட்டால் ரோஜா நிறமோ சிவப்போ ஆகும். துப்பாக்கி சுட்ட தடயத்தைத் துணியில் தேடும் காவல்துறை ஆய்வகங்களும் இதே சாயத்தைத்தான் பயன்படுத்துகின்றன, ஆக வேதியியல் பழகிய, நல்ல வேதியியல். பழைய பெயின்ட்டுக்கு இது நன்றாகவே உதவும். ஈயச் சொம்புக்குத்தான் ஒத்துவரவில்லை. இந்தச் சாயம் காரீயத்துக்கு மட்டும் சொந்தமில்லை, பேரியமும் வெள்ளீயமும்கூட இதில் நிறம் காட்டும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 2.8 பக்கத்தில் இருந்தால்தான் காரீயத்தின் செந்நிறம் தனியாகத் தெரியும். நான் இரண்டு சொம்பிலும் தேய்த்தேன். இரண்டிலும் பஞ்சில் மங்கலான ஊதா ஏறியது. சமையலறை விளக்கில் பார்த்தால் சிவப்பு மாதிரி, தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தால் ஊதா. முழுக்க வெள்ளீயமாக இருக்கும் பாத்திரத்தில் இது வெள்ளீயத்தின் நிறமா, காரீயமும் சேர்ந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இத்தனை வருடம் சோதனைக் குழாயின் நிறம் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கே இந்த நிலைமை.

சல்பைடு வைத்துக் கறுப்பு நிறம் பார்க்கும் கிட்டும் உண்டு. செம்பு, வெள்ளி, இரும்பு எது பட்டாலும் கறுக்கும், வெள்ளீயத்துக்குப் பழுப்பு. பித்தளை, வெண்கலம், ஈயம் புழங்கும் நம் வீடுகளுக்கு அது வேண்டவே வேண்டாம். இந்த இரண்டு வகைகளையும் 2007-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சோதித்துப் பார்த்தது. 104 சோதனை முடிவுகளில் 56, காரீயம் இருந்தும் இல்லை என்று சொன்னவை. இல்லாததை இருக்கிறது என்று சொன்னவை இரண்டுதான். ஆக, நிறம் வந்தால் அதை மதிக்க வேண்டும். நிறம் வராததை வைத்து நிம்மதி அடையக் கூடாது.

தங்கத் துகள் சோதனை பற்றி மகள் எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டாள். எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் அது. தங்கத்தை நானோ அளவுக்குப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மஞ்சளாக இருக்காது, செம்பருத்திச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நிறம் நீலமாகும். 2003-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜுவென் லியூவும் யீ லூவும் அந்தத் துகள்களை டிஎன்ஏ இழையால் கோத்து, காரீயம் வந்தால் மட்டும் இழை அறுபடும்படி செய்தார்கள். இழை அறுந்தால் துகள்கள் சேராமல் சிவப்பாகவே நிற்கும், காரீயம் இல்லையென்றால் நீலமாகும். காரீயத்தை மற்ற உலோகங்களிலிருந்து இவ்வளவு அழகாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை குறைவு. ஆனால் வெறும் தங்கத் துகளில் கொஞ்சம் உப்பு போட்டாலே அது நீலமாகிவிடும், அதனால் கரைசலில் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எல்லாவற்றையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். உப்பும் புளியும் பருப்புத் தண்ணீரும் கலந்த ரசத்தில் இதை வீட்டில் செய்து ஒரு முடிவுக்கு வர முடியாது. தண்ணீர் ஆராய்ச்சிக்கு நல்லது, சொம்புக்கு இல்லை.

எனக்கு உண்மையிலேயே உதவியது பச்சை ஒளி காட்டும் தெளிப்பு. இது நிறமாற்றம் என்பதைவிட ஒளிர்வு. மெத்தில் அமோனியம் புரோமைடு என்ற உப்பை ஆல்கஹாலில் கரைத்திருப்பார்கள். காரீயம் உள்ள இடத்தில் தெளித்தால் அங்கேயே காரீயத்தைச் சேர்த்துக்கொண்டு பெரோவ்ஸ்கைட் என்ற படிகமாகிவிடும், சூரிய மின்பலகை ஆராய்ச்சியில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புற ஊதா டார்ச் அடித்தால் அந்தப் படிகம் மரகதப் பச்சையாக ஒளிரும். நெதர்லாந்தின் ஆமோல்ஃப் ஆய்வு நிலையத்தில் லூகாஸ் ஹெல்ம்பிரெக்டும் விம் நோர்தைனும் தங்கள் குழுவோடு இதை 2023-ல் வெளியிட்டார்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நானோகிராம் இருந்தாலே வெறும் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர்கள் கண்ட அளவு. படிகமே காரீயத்தால் கட்டப்படுவதால், வெள்ளீயம் போய் அந்தப் பச்சையைக் காட்டிவிடாது. ரோடிசோனேட்டில் நான் மாட்டிக்கொண்ட சிக்கல் இதில் இல்லை.

ஆனால் நம் சமையலறையில் இதற்கு ஒரு வில்லன் உண்டு, மஞ்சள்தூள். மஞ்சளில் உள்ள குர்குமின், ஆல்கஹால் பட்டால் புற ஊதா வெளிச்சத்தில் மஞ்சள் கலந்த பச்சையாக ஜொலிக்கும். ரசம் வைத்த சொம்பைக் கழுவிவிட்டு நேராகத் தெளித்தால் உள்பக்கம் முழுக்க ஒளிரும், பார்த்தவுடன் நெஞ்சே நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அதனால் முதலில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் நன்றாகத் துடையுங்கள், விளக்கை அணைத்து டார்ச் அடியுங்கள், எந்தப் பச்சையும் தெரியாத வரை துடையுங்கள், பிறகு தெளியுங்கள். மஞ்சள் துடைத்தால் பஞ்சோடு வந்துவிடும், பார்க்கப் பூசினாற்போல் பரந்து இருக்கும். காரீயப் பச்சை இருக்கும் இடத்திலேயே புள்ளி புள்ளியாக நிற்கும். பாத்திரம் கழுவும் சோப்பின் மிச்சம் நீல வெள்ளையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். டார்ச் 365 நானோமீட்டர் அளவில் இருக்கட்டும். மலிவாக விற்கும் 395 நானோமீட்டர் டார்ச்சின் ஊதா வெளிச்சமே பளிச்சென்று அடித்து மெல்லிய பச்சையை மறைத்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தெளிக்க வேண்டும், ஆல்கஹால் தீப்பிடிக்கும். கையுறை போடுங்கள், டார்ச்சைக் கண்ணுக்கு நேராகக் காட்டாதீர்கள்.

இதற்கு முன் ஒரு நாள் சிராங்கூன் சாலையில் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவரிடம் போயிருந்தேன். தங்கத்தின் மாற்று பார்க்க எக்ஸ்ரே பாய்ச்சும் எக்ஸ்ஆர்எஃப் கருவி பல கடைகளில் இருக்கிறது. "தங்கத்துக்குத்தான்க்கா செட் பண்ணியிருக்கோம், நம்பர நம்பாதீங்க, ஆனா என்ன மெட்டல்னு காட்டும்" என்று அவரே சொல்லிவிட்டு மாமியாரின் சின்னச் சொம்பை உள்ளே வைத்தார். திரையில் வெள்ளீயத்தின் முகடு உயரமாக எழுந்தது, காரீயத்தின் இடத்தில் ஒன்றுமில்லை. சந்தோஷமாக எம்ஆர்டி ஏறி ஈசூனுக்கு வந்தேன். வந்து இரண்டு நாள் கழித்துத்தான் தெளிப்பு தபாலில் வந்தது.

கழிவறை விளக்கையும் அணைத்து, கதவைச் சாத்தி, மகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மாமியார் சொம்பைத் தலைகீழாகப் பிடித்துத் தெளித்தேன். வெளிச்சுவர் இருட்டாகவே இருந்தது, நகைக்கடையில் பார்த்த அதே இடம். உள்ளே அடிப்பக்கம் டார்ச்சைத் திருப்பியபோது ஐந்து காசு நாணயம் அளவில் ஒரு வட்டம் பச்சையாக எழுந்தது, அதன் விளிம்பு மட்டும் இன்னும் பளபளவென்று. விளக்கைப் போட்டு விரலால் தடவினேன். வட்டமாக ஒரு மேடு. எப்போதோ ஓட்டை விழுந்து யாரோ பற்றவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பற்றாசு என்றால் வெள்ளீயமும் காரீயமும் கலந்ததுதான். சொம்பு சுத்தமான வெள்ளீயம், மாமியார் சொன்னது முழு உண்மை. காரீயம் இருந்தது அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும், அதுவும் புளித்தண்ணீர் கொதிக்கும் இடத்தில்.

எடை பார்த்ததில் இது தெரியவில்லை. எக்ஸ்ஆர்எஃப் கருவி பொய் சொல்லவில்லை, காட்டிய இடத்தைப் பற்றிச் சரியாகத்தான் சொன்னது, ஆனால் அது மேல்தோலில் சில மில்லிமீட்டர் அகலத்தை மட்டுமே பார்க்கும். பாத்திரம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டியது தெளிப்பு மட்டும்தான். பழைய பாத்திரம், ஒட்டுப்போட்ட பாத்திரம், விளிம்பு மடித்துப் பற்றவைத்த பாத்திரம் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். இண்டாலியம் என்ற அலுமினியக் கலவைச் சட்டி வைத்திருப்பவர்களும்தான், 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்குகிறது என்று எச்சரித்தது.

கும்பகோணத்துச் சொம்பு ஒளிரவில்லை. வெளியே தெளித்தேன். உள்ளே தெளிக்காமல், வினிகரில் நனைத்த வெள்ளைக் காகிதத்தால் அழுத்தித் தேய்த்து, காயவைத்து, காகிதத்தின் மேல் தெளித்தேன். பச்சை இல்லை. இங்கேதான் பலர் நிறுத்திவிடுவார்கள், நானும் நிறுத்தியிருப்பேன், மகள் மாசமாக இல்லாவிட்டால். தெளிப்பு, மேற்பரப்பில் காரீயம் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். ரசத்தில் எத்தனை மைக்ரோகிராம் இறங்கும் என்ற கேள்விக்கு எந்த நிறமும் பதில் சொல்லாது, அதற்கு ஆய்வகம்தான். பீங்கான் பாத்திரங்களுக்கு ஒரு பழைய முறை இருக்கிறது: 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்து, அந்தத் திரவத்தில் எவ்வளவு காரீயம் இறங்கியது என்று அளப்பது. சிங்கப்பூரின் ஆய்வக அங்கீகாரத் திட்டமான சாக்-சிங்லாஸ் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைத் தேடிப் பிடித்து, மிக நுண்ணிய அளவையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் பார்ப்பீர்களா, எவ்வளவு குறைந்த அளவு வரை சொல்வீர்கள் என்று முதலில் கேளுங்கள். பாத்திரத்தையே கொடுத்துவிடுவது நல்லது. வீட்டு வினிகரை வீட்டுப் புட்டியில் அடைத்துக் கொண்டுபோனால் புட்டியின் அழுக்கும் சேர்ந்து அளக்கப்படும். ரசம் கொதிக்கும் சூடு இந்த முறையில் இல்லை என்பதையும் ஆய்வகத்தில் சொல்லிவிட்டேன். கொதிக்கவைத்தும் ஒன்று பார்க்க முடியுமா என்று கேட்டேன், செய்து கொடுத்தார்கள்.

செலவைப் பொறுத்தவரை பஞ்சுக்குச்சி மலிவு, தெளிப்பு அதைவிட அதிகம் ஆனால் ஒரு புட்டியில் தெரு முழுக்கப் பார்க்கலாம், ஆய்வகம் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியாக வெள்ளி கேட்கும். அதனால் நான் சொல்வது, பஞ்சுக்குச்சியில் காசைப் போடாமல் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு தெளிப்பும் நல்ல டார்ச்சும் வாங்குங்கள். பச்சை தெரிந்தால் அத்தோடு முடிந்தது, அந்தப் பாத்திரத்தில் சமைக்க வேண்டாம், ஆய்வகத்துக்குக் கொடுத்து எண் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பச்சை தெரியாமல், வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் ஆய்வகத்துக்குப் போங்கள். யாரும் இல்லையென்றால்கூட, தினமும் புழங்கும் பாத்திரமாக இருந்தால் ஒரு முறை போய்விடுவது நல்லது என்பேன்.

கும்பகோணத்துச் சொம்புக்கு முடிவு வந்துவிட்டது. அவர்கள் கருவியால் அளக்க முடிந்த அளவுக்கும் கீழே, இரண்டு சோதனையிலும். அன்றைக்கு மத்தியானமே எலுமிச்சை ரசம் வைத்தேன், வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்றினேன், வெறும் சொம்பை வைத்தால் 232 டிகிரியில் வெள்ளீயம் உருகி ஓடிவிடும். மகள் இரண்டு டம்ளர் குடித்தாள்.

மாமியாரின் சொம்பு இப்போது ஹாலில் அவர் படத்துக்குக் கீழே இருக்கிறது. உள்ளே ஒரு சீட்டு போட்டிருக்கிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி: "அடியில் காரீயப் பற்று இருக்கிறது, இதில் சமைக்க வேண்டாம்." எனக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் ஆசையாக எடுத்துப் புளியைக் கரைத்து ஊற்றிவிடக் கூடாது.